ஜெயராணி வீட்டுக் கரி

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஏரியூரிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் மடியில் ஒரு பெட்டி இருந்தது. வாய் சும்மா இருக்குமா, என்ன அது என்று கேட்டுவிட்டேன். பெயர் சுபா. பெட்டி, கரித்துகளை அளக்கும் கருவியாம். காற்றை உறிஞ்சி வெள்ளைத் தாள் வழியாக விடும். தாளில் படிகிற கரி வெளிச்சத்தை விழுங்கும். மறுபக்கம் எவ்வளவு வெளிச்சம் குறைகிறதோ, அவ்வளவு கரி. உண்மையை அளக்க இவ்வளவுதானா என்று, கதை எழுதுகிற எனக்குப் பொறாமையாக இருந்தது.

2

"புகை மண்டிய குடிசையில் கண்ணீரோடு அவள்..." (வேண்டாம். சுபா ஏரியூரில் அளக்கப் போன ஜெயராணியின் வீடு ஓட்டு வீடு. அழுகிற ஆளும் இல்லை.)

ஜெயராணிக்குப் பத்து வருடமாக விறகடுப்பு, ஆறு வருடமாக இருமல். கரி அதிகமுள்ள வீடுகளுக்கு சுபாவின் அலுவலகம் புகைபோக்கி அடுப்பு கட்டித் தருகிறது. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு நாள்தான் அளப்பார்கள். வழக்கம்போல இருங்கக்கா என்று சொல்லிப் பெட்டியை வைத்தாள் சுபா. மறுநாள் பார்த்தால் தாள் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

ஜெயராணி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறாள். மாதா படத்தைத் துடைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு சுகுணாவின் காஸ் அடுப்பை இரவல் வாங்கிச் சமைத்திருக்கிறாள்.

"வழக்கம்போல இருங்கன்னு வர்றவங்க எல்லாரும் சொல்றதுதானுங்களே. அதுக்காக வூட்டை அப்படியேவா போட்டு வெக்கறது?"

3

(இப்படி ஒருத்தி இருப்பாளா என்று சந்தேகப்பட்டேன். விருந்தாளி வந்தால் நான் எதையெல்லாம் ஒளித்து வைப்பேன் என்று யோசித்ததும் சந்தேகம் போய்விட்டது. நீங்கள் வருகிறீர்கள் என்று இந்தக் கதையிலும் ஒன்றை ஒளித்தேன்: அன்று காஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சுபா கோழிக்குழம்பு சாப்பிட்டாள். ஏது காஸ் என்று கேட்கவில்லை. அதுதான் அவளை அரிக்கிறது.)

4

முடிவு ஒன்று: வந்த எண்ணையே எழுதுகிறாள். அடுப்பு கிடையாது.

முடிவு இரண்டு: பென்னாகரத்தில் இறங்கித் திரும்பிப் போய், ஒரு நாள் விதியை மீறி மறுபடி அளக்கிறாள். ஆனால் கரி அதிகமிருந்தால்தான் அடுப்பு என்பது இப்போது ஜெயராணிக்குத் தெரியும். பச்சை விறகாகப் பார்த்துத் திணிப்பாள். அந்த எண் மட்டும் எப்படி உண்மை

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

கிளம்பும்போது ஜெயராணி கேட்டதை சுபா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தாள்ல இல்லீன்னா என்னங்க, என் நெஞ்சுல இருக்குமே. அங்க வெச்சு அளக்க முடியாதுங்களா?"

பஸ் பென்னாகரத்தில் நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். சுபா படிவத்தை என்னிடம் நீட்டினாள். நான் உங்களிடம் நீட்டுகிறேன்.

புகைபோக்கி அடுப்பு தேவை: ஆம் / இல்லை