முள் வைத்த நாற்காலி

அதில் உட்காரலாமா என்று அவர் கேட்டார், அதுல வேண்டாம் சார், தேச்ச துணி கிடக்கு என்று நான் சொன்னேன், ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி, அதன் மேல் மடிப்புக் கலையாத என் புடவைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைத் தலையணை உறை, மழைக்கு முந்தின வெளிச்சம் அந்த வெள்ளையில் விழுந்துகொண்டிருக்கிறது, அதனால என்ன மேடம், நான் இங்கன உக்காந்துக்கிடுதேன் என்று கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த மடக்கு நாற்காலியை அவரே எடுத்து விரித்துப் போட்டுக்கொண்டார், துணியைத் தூக்கிக் கட்டிலில் வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அவரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை, அன்றிலிருந்து ஞானதிரவியம் சார் எப்போது வந்தாலும் அந்த மடக்கு நாற்காலிதான், இப்போது இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்துச் சாலையில் ஒரு சிறிய பஸ்ஸில் அவருடைய பின்னந்தலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், வெளியே கல்லடுக்கிக் கட்டிய குட்டைச் சுவர்கள், ஈரமான செம்மறியாடுகள், மறுபடியும் சுவர், மறுபடியும் ஆடு, மனசு மட்டும் பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில், இஸ்திரிச் சூட்டின் வாசனைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளைப் பார்க்க வந்திருக்கிறோம், எல்லோரும் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்கள், என்னோடு ஆங்கிலத் துறையில் இருந்த எப்சிபாதான் ஏற்பாடு, இத்தனை வருஷம் பாடம் நடத்தினோம்லா, ஒரு தடவையாவது அந்த ஊரைக் கண்ணால பாத்துட்டுச் சாவோம்ளா என்று ஆள் சேர்த்தாள், யார் யாருடைய வீடு என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை, அந்தப் பெயர்களை வகுப்பில் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்தாயிற்று, மஞ்சள் பூக்கள் ஆடின என்று நடத்துவேன், அந்தப் பூ எப்படி மிஸ் இருக்கும் என்று முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்பாள், மஞ்சளா இருக்கும் என்பேன், வகுப்பே சிரிக்கும், எனக்கும் அதற்கு மேல் தெரியாது, நேற்று ஒரு கவிஞருடைய தோட்டத்தில் அந்தப் பூவின் இலைகள் மட்டும் தரையில் வாடிக் கிடந்தன, சீசன் முடிந்துவிட்டதாம், ஞானதிரவியம் சார்தான் குனிந்து ஓர் இலையைத் தொட்டுக் காட்டி, மேடம், உங்க ஆளு இங்கனதான் தூங்குதாரு, மண்ணுக்குக் கீழ கிழங்கா இருக்காரு, அடுத்த வருஷம் எந்திரிப்பாரு என்றார், அவர் தாவரவியல், பக்கத்துக் கல்லூரி, எழுத்தாளர்கள் யாரையும் அவர் படித்ததில்லை, ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று எப்சிபா சொன்னதும், வீடு உங்களுக்கு, தோட்டம் எனக்கு என்று கிளம்பி வந்துவிட்டார்.

தோட்டத்தை முன்னிட்டுத்தான் என் வீட்டுக்கும் வந்தார், ஆசீர் போன பிறகு கறிவேப்பிலை மரம் பட்டுப்போக ஆரம்பித்தது, ஆசீர் என் கணவர், மின்வாரியத்தில் இன்ஜினியர், சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், தூங்கும்போதுகூடச் சத்தம்தான், அவர் போனதும் வீட்டில் வந்து உட்கார்ந்த அமைதியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வரும் வழியில் எப்சிபா இவரிடம் மரத்தைப் பற்றிச் சொல்ல, மறுநாளே பையில் ஒரு கொத்துக்கரண்டியோடு வந்து நின்றார், மரம் பிழைத்துக்கொண்டது, அதற்குப் பிறகும் சனிக்கிழமை சாயங்காலம் தோறும் வந்தார், மரம் நல்லாத்தானே இருக்கு சார் என்று நான் கேட்டதில்லை, அவரும் வேறு காரணம் சொன்னதில்லை, அவர் மனைவி இறந்து ரொம்ப நாளாயிற்று, மகன் மெல்போர்னில், ஒரு டம்ளர் காப்பி, இரண்டு முறுக்கு, உலகத்துச் செடி கொடிகளின் கதைகள், இருட்டும் முன் கிளம்பிவிடுவார், போகும்போது மடக்கு நாற்காலியை மடக்கி, எடுத்த இடத்திலேயே சாத்திவிட்டுப் போவார், அந்தச் சத்தம், இரும்பு இரும்பில் பட்டு மடங்குகிற அந்தச் சின்னச் சத்தம், ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குள் எங்கேயோ விழும், இருங்க சார் என்று ஒரு வார்த்தை நாக்கு வரை வரும், அக்கம்பக்கம் ஞாபகம் வரும், என் மகள் முகம் ஞாபகம் வரும், வார்த்தை திரும்பிப் போய்விடும்.

இன்று காலை விடுதியில் ரொட்டியை அறுத்துக்கொண்டே, மத்தியானம் பையன் கூப்பிடுவான் மேடம் என்றார், அங்கே அப்போது ராத்திரி, வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசுவானாம், ஒரேயடியா வந்துருங்கப்பாங்கான், வீட்ட வித்துரலாங்கான், ரெண்டு வருஷமா இழுத்துட்டேன், இன்னைக்கு ஒரு முடிவு சொல்லணும், சரின்னு சொல்லிரலாம்னுதான் இருக்கேன், மேடம் என்ன சொல்லுதிய, என்றார், ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, நான் ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன், அது திறந்துதான் இருந்தது, நல்லதுதான சார், வயசான காலத்துல பிள்ளையோட இருக்கது என்றேன், ஆமா, நல்லதுதான் என்றார், எதிரே இருந்த எப்சிபா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பஸ்ஸில் ஏறும்போது என் கையைக் கிள்ளி, ஏளா, முப்பது வருஷம் காதல் கவிதை நடத்தினவதான நீ, ஜாம் மூடியத் திருகுறதுக்கா உனக்கு எம்.ஏ. பட்டம் குடுத்தாங்க என்றாள்.

பஸ் ஏறி இறங்கி வளைந்து போகிறது, கண் செருகுகிறது, மேட்டில் ஒரு கோயில் கோபுரம், அது பாளையங்கோட்டைக் கோயில் மாதிரியே இருக்கிறது, அங்கே பஸ் நிற்கிறது, ஆசீர் ஏறுகிறார், கட்டம்போட்ட லுங்கி, தோளில் துண்டு, நனைந்திருக்கிறார், ஏறியதும், எல்லாரும் உக்காந்தாச்சா, யாரும்மா அங்க நிக்கது, அவருக்கு ஓர் இடம் குடுங்க என்று அதே சத்தம், வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படித்தான், கரண்ட் பில்லில் தகராறு என்று வந்தவராக இருந்தாலும், பக்கத்துத் தெருப் பையனாக இருந்தாலும், கையைப் பிடித்து இழுத்து ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்த்திவிட்டுத்தான் பேச்சே, உக்காராமப் பேசினா எனக்குக் காது கேக்காதுய்யா என்பார், வந்தவர் நாற்காலியில், இவர் தரையில், தூணில் சாய்ந்துகொண்டு, யார் நிக்கா, யார் நிக்கா என்று பஸ்ஸுக்குள் கேட்டுக்கொண்டே வருகிறார், நான் வாயைத் திறக்கிறேன், குரல் வரவில்லை, பஸ் குலுங்கி நிற்க, மேடம், வந்தாச்சு, எந்திரிங்க என்கிறது முன் இருக்கை, கன்னம் கண்ணாடியில் பட்டுச் சில்லிட்டிருக்கிறது.

அது ஒரு நாவலாசிரியையின் வீடு, கணவன் இறந்த பிறகு இந்த வீட்டில் தனியாக இருந்து எழுதியவள், சின்ன வீடுதான், தலையைக் குனிந்து நுழைய வேண்டியிருந்தது, உள்ளே மெழுகும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை, ஒவ்வோர் அறையிலும் ஒரு வயதான பெண்மணி காவலுக்கு இருந்தார், சம்பளம் இல்லாமல் ஆசைக்காக வருகிறவர்களாம், ஜன்னலோரம் ஒரு மேசை, மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியின் மேல் காய்ந்த முட்செடித் தலை ஒன்று, கைப்பிடி அளவு, பழுப்பு நிறத்தில், நட்ட நடுவில் கிடந்தது, யாரோ வெளியே இருந்து கொண்டுவந்து போட்டுவிட்டார்கள் என்று ஞானதிரவியம் சார் நினைத்திருக்கிறார், செடி என்றால்தான் அவருக்கு வேறு எதுவும் தெரியாதே, குனிந்து அதை எடுத்தே எடுத்துவிட்டார், விரலால் உருட்டி, மேடம் இங்க பாருங்க, நம்ம ஊருப் பிரம்மதண்டு மாதிரி முள்ளு, ஆனா குடும்பம் வேற, இவன் சூரியகாந்திக்குச் சொந்தக்காரன் என்று எனக்குக் காட்டுகிறார், அதற்குள் மூலையிலிருந்த ரோஸ் நிறக் கம்பளிச்சட்டைக்காரப் பெண்மணி, தயவுசெய்து, தயவுசெய்து, அங்கே உட்காரக்கூடாது என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், சாருடைய முகம் சிறுபிள்ளையுடையதைப் போலச் சிவந்துபோயிற்று, மன்னிக்கணும், உட்காருவதற்காக எடுக்கவில்லை, பார்க்கத்தான் எடுத்தேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, முள்ளைத் திரும்பவும் அதே இடத்தில், எடுத்தபோது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கமாக வைத்தார், பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில், சிரித்துக்கொண்டுதான், நான் எங்கயும் கேக்காம உக்காரமாட்டேன்னு மேடத்துக்குத் தெரியும்லா என்றார்.

தெரியும், எனக்குத் தெரியும், அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார், நான் அங்கேயே நின்றேன், அந்தப் பெண்மணிக்கு மனசு சங்கடமாகியிருக்க வேண்டும், என் அருகில் வந்து விளக்கினார், உட்காராதீர்கள் என்று அட்டையில் எழுதி வைத்தால் வருகிறவர்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், கயிறு கட்டினால் வீடு வீடாக இருக்காது, அதனால் ஒரு முள்ளை வைத்துவிடுகிறோம், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், பார்த்தவுடன் புரிந்துகொண்டு தள்ளிப் போய்விடுவார்கள் என்றார், ஆமாம், புரிந்துகொள்வார்கள் என்றேன், இதில்தான் அந்த நாவலாசிரியை உட்கார்ந்து எழுதினாரா என்று கேட்டேன், அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்தி, உண்மையைச் சொல்லட்டுமா, அவருடைய நாற்காலி எப்போதோ தொலைந்துபோயிற்று, இது அந்தக் காலத்து நாற்காலி, அவ்வளவுதான், ஏலத்தில் வாங்கினோம், இதில் அவர் உட்கார்ந்ததே இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார், ஜன்னலுக்கு வெளியே மழை பிடிக்கப் பார்க்கிறது, வெளிச்சம் மாறுகிறது, அந்த ஜன்னல் என் ஜன்னலாக ஆகிக்கொண்டே வருகிறது, ஆசீரைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம், வீடு நிறையச் சொந்தக்காரர்கள், யாரோ ஒருவர் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காரப் போகிறார், நான் கையில் கிடைத்த தேய்த்த துணியை அதில் கொண்டுபோய் வைக்கிறேன், அவர் தள்ளிப் போகிறார், அதற்குப் பிறகு துணிக்கு அலமாரியில் இடமே இல்லாமல் போயிற்று, ஒரு புடவையை எடுத்துக் கட்டினால் இன்னொரு புடவை அங்கே வந்து படுத்துக்கொள்ளும், ஆசீருடைய நாற்காலி, ஆசீருடைய நாற்காலி என்று காத்துக்கொண்டிருக்கிறேன், ஆசீர் எப்போது அதில் உட்கார்ந்தார், யோசித்துப் பார்க்கிறேன், ஒரு நாளாவது, ஒரு சாயங்காலமாவது, எனக்கு ஞாபகம் வருகிற ஆசீர் எல்லாம் தரையில், தூணில் சாய்ந்து, நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டி, உக்காருங்கய்யா, வந்தவுக உக்காரத்தான நாற்காலி என்கிறார்.

தோட்டத்தில் ஒரு மர பெஞ்சு, இறந்துபோன யாரோ ஒருவருடைய பெயரைப் பலகையில் செதுக்கியிருந்தார்கள், இந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது என்று எழுதி, அதில்தான் எல்லோரும் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள், எப்சிபா அதில் அமர்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் என்ன நினைத்தாளோ, பொட்டலத்தை அப்படியே சுருட்டிக்கொண்டு, நான் பஸ்ஸில போய்ச் சாப்பிடுதேன், இங்கன குளிருது என்று எழுந்து போய்விட்டாள், ஞானதிரவியம் சார் ரோஜாப் புதருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார், வெட்டுப்பட்ட கிளையின் நுனியைப் பார்த்துக்கொண்டு, நல்லா வெட்டியிருக்காங்க மேடம், இப்படி வெட்டினாத்தான் தழைக்கும் என்றார், அவர் சட்டைப் பையில் போன் அடித்தது, அந்த ஈரக் காற்றில் அது கோயில் மணி மாதிரி கேட்டது, எடுத்துப் பார்த்து, பையன்தான் என்றார், என்னைப் பார்த்தார், ஒரு கணம், ஏதோ கேட்கப் போகிறவர் போல, கேட்கமாட்டார், எனக்குத் தெரியும், கேட்காமல் உட்காராதவர், ஒரு தடவை கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்ட இடத்தில் மறு தடவை கேட்காதவர், மடக்கு நாற்காலியைத் தானே விரித்துத் தானே மடக்குகிறவர், அவருடைய கட்டைவிரல் பச்சைப் பொத்தானை நோக்கிப் போகிறது, மழையின் முதல் துளி என் நெற்றியில் விழுகிறது, பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் நான் குனிந்து தலையணை உறையை எடுக்கிறேன், புடவைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன், பிரம்பு தெரிகிறது, பின்னலுக்குள் மழைக்கு முந்தின வெளிச்சம் தெரிகிறது, இத்தனை நாள் துணிக்கடியில் கிடந்த நாற்காலி காலியாக, லேசாக, யாரோ இப்போதுதான் தட்டிக் காட்டியது போல ஜன்னலைப் பார்த்து நிற்கிறது, சார், என்று சொல்கிறேன், என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்கிறது, ஆசீருடைய சத்தம், வகுப்பின் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற சத்தம், கட்டைவிரல் நிற்கிறது, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, சார், அவன்கிட்ட சரின்னு சொல்லாதிய, நான் அந்தத் துணிய எல்லாம் எடுத்துருதேன், நீங்க வந்து அந்த ஜன்னலோர நாற்காலியில உக்காருங்க, சனிக்கிழம மட்டும் இல்ல, என்னைக்கும்.