தெருமுனையில் அப்பா

செங்கொடி அக்கா கதவைத் தட்டி யாரும் பார்த்ததில்லை. வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்கும். அடுத்த நிமிடம் குழம்புச் சட்டியின் மூடி அவள் கையில் இருக்கும். ராயபுரத்தில் அந்தப் பக்கம் வீடு விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அவளைத் தாண்டிப் போக முடியாது. ஜூடியின் வீட்டையும் விற்றுத்தர அவளிடம்தான் சொல்லியிருந்தார்கள். சொன்ன நாளிலிருந்து வீடு அவளுடையது போலாகிவிட்டது. அவள் சொல்லித் திரைச்சீலை மாறியது. அவள் சொல்லித் துணி உலர்த்தும் கொடி மாடிக்குப் போனது.

"இன்னா கண்ணு, இன்னிக்கும் காரப்பொடி மீனா? வூடு பாக்க பார்ட்டி வர்ற அன்னிக்கு மட்டும் மீன் ஆக்காத. ஒரு ரசம் வெச்சுக்கோ, போதும்."

ஜூடி தலையாட்டினாள். வேதியியல் படித்துவிட்டு மணலியில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். சோதனைக் குழாய்களோடு பழகத் தெரியும். மனிதர்கள் எதிரில் வந்தால் தலையாட்டுவதோடு சரி.

அவளுடைய அப்பா பெனிட்டோ துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா அந்தக் குளியலறைக்குள் கால் வைப்பதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போகிறாள். பக்கத்து வீட்டு மருமகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருவது அம்மாவுக்கும் தெரியும். அவள் மகளிடம் கேட்டது ஒன்றுதான்: "என்ன மீஞ்சூர்ல தங்கச்சி பக்கத்துல கொண்டுபோய் வுட்டுடு. இந்த வூட்ல முடியல."

அதற்கு வீடு விற்க வேண்டும். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே வீட்டுக்குள் வராமல் திரும்பிப் போனார்கள்.

"ஏன் போனாங்க தெரியுமா?" செங்கொடி குரலைத் தாழ்த்தினாள். அம்மா உள்ளே படுத்திருந்தாள். "உங்க நைனாதான் காரணம்."

ஜூடி நிமிர்ந்து பார்த்தாள்.

"தெருமுனைல ஒட்டிக்கினு கீறாரே, இம்மாம் பெருசா. கண்ணீர் அஞ்சலின்னு. வர்றவன் அத்தப் பாக்கறான், எந்த வூடுன்னு டீக்கடைல கேக்கறான், அவன் கையக் காட்டறான். சாவு வுழுந்த வூடு, அதுவும் பாத்ரூம்லன்னா எவன் கண்ணு வாங்குவான்? அப்டியே வாங்கினாலும் பாதிக்குக் கேப்பான். பத்திரம் உங்கம்மா பேர்லதான கீது? நைனா செத்த சர்டிபிகேட்டக்கூட எவனும் கேக்க மாட்டான், அதனால அந்த சேதி யாருக்கும் தெரியத் தேவையில்ல. ஞாயித்துக்கிழம நல்ல பார்ட்டி ஒண்ணு வருது. அதுக்குள்ள அந்தப் போஸ்டர எடுத்துடு."

"அது... அவரோட ஃப்ரெண்ட்ஸ் ஒட்டினது, அக்கா."

"அவங்களா வந்து உங்கம்மாவ மீஞ்சூர்ல குடி வெப்பாங்க? மூஞ்சப் பாவமா வெச்சிக்காத. நா உன் நல்லதுக்குத்தான சொல்றேன்?"

ஜூடி தலையாட்டினாள்.

அந்தப் போஸ்டரை அப்பாவின் கேரம் கிளப் நண்பர்கள் அடித்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட அப்பா. மேலே, 'துறைமுகத்தின் சிங்கமே, எங்கே சென்றாய்?' கீழே நண்பர்களின் சின்னச் சின்னத் தலைகள், வரிசையாக. ஒட்டிய நாளிலிருந்தே ஜூடிக்கு அந்த இடத்தைக் கடக்கும்போது கூச்சமாக இருக்கும். வேகமாகத் தாண்டிவிடுவாள். அம்மா அப்படியில்லை. காலையில் கோயிலுக்குப் போகும்போது அந்த இடத்தில் நின்று முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். முந்தானை சரியாகத்தான் இருக்கும்.

எடுத்துவிடு என்று செங்கொடி சொன்னதும் மனதின் ஒரு ஓரத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்தபோதுதான் ஜூடிக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தாள். மதியம் தெரு உறங்கும் நேரமாகப் பார்த்து ஒரு வாளி சுடுதண்ணீரும் தோசைக் கரண்டியும் எடுத்துப் போனாள். போஸ்டர் ஒட்டுவது மைதாப் பசையில். மாவுச்சத்து சூட்டில் இளகும். மூன்று வருடப் படிப்பு இதற்கு உதவியது. கீழேயிருந்து தொடங்கினாள், முகம் கடைசியில் வரட்டும் என்று. நண்பர்களின் தலைகள் முதலில் போயின. அப்புறம் சட்டைப் பை. கழுத்து. கறுப்புக் கண்ணாடி மட்டும் சுவரோடு பிடித்துக்கொண்டது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"ஜூடி? இன்னாமா பண்ற?"

சிலுவைமுத்து மாமா. அப்பாவோடு ஒரே ஷிப்டில் வின்ச் ஓட்டியவர், கேரம் பலகையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர். பனியனோடு டீ வாங்கத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இப்போது கிழிந்து கிடந்த தலைகளில் ஒன்று அவருடையது.

"கார்ப்பரேஷன்ல..." என்றாள் ஜூடி. வாய் தானாகப் பேசியது. "கார்ப்பரேஷன்ல வந்து கிழிச்சுட்டாங்க, மாமா. பாதி அப்டியே தொங்கிட்டிருந்துச்சு. அதான் சுத்தமா எடுத்துடலாம்னு."

அவர் முகம் சிவந்தது. "செத்தவன் படத்தயா கிழிச்சானுங்க? நம்ம பெனிட்டோ படத்தயா? கலீஜ் பசங்க!" பிறகு குரல் இறங்கியது. "நீ ஏம்மா இத்த செய்யற? பெத்த பொண்ணு செய்யற வேலையா இது? குடு இப்டி." கரண்டியை வாங்கி, கறுப்புக் கண்ணாடியின் மிச்சத்தை அவரே மெதுவாக, கீறாமல் எடுத்தார்.

சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "பாவம், சிலுவைமுத்து அண்ணன். கார்ப்பரேஷன் ஆபீசுக்கே போய் சத்தம் போட்டுட்டு வந்தாராம். அங்க யாரோ ஒரு பொண்ணு, நாங்க யாருமே அந்தத் தெருவுக்கு வரலன்னு அழுதுச்சாம்."

அப்போதாவது ஜூடி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சில் இரண்டாம் பூசைக்குப் போயிருந்தாள். அந்த நேரமாகப் பார்த்துத்தான் செங்கொடி பார்ட்டியை வரச் சொல்லியிருந்தாள். தீபன், கீர்த்தி என்று இளம் தம்பதி. கொடுங்கையூரில் குப்பைமேட்டுப் புகை குழந்தைக்கு ஆகவில்லை என்று வீடு தேடுகிறவர்கள். சந்துக்குள் கார் நுழையாது. கூட்டிப்போக ஜூடி வீட்டிலிருந்து தெருமுனைக்கு வந்தாள்.

வந்தவள் நின்றுவிட்டாள்.

சுவர் முழுக்க அப்பா. ஒருவர் இருந்த இடத்தில் ஒரு வரிசையே. பசை வழிய வழிய, கறுப்புக் கண்ணாடி பளபளக்க. கடைசிப் போஸ்டரைக் கையால் நீவிக்கொண்டிருந்த சிலுவைமுத்து அவளைப் பார்த்துச் சிரித்தார். கூட இன்னும் இரண்டு கிளப் ஆட்கள், பசை வாளியோடு.

"கிளப்ல ஒரு கட்டு மிச்சம் இருந்துச்சும்மா. இப்ப வந்து கிழிக்கட்டும், பாக்கலாம்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் செங்கொடி அந்தத் தம்பதியோடு வந்து சேர்ந்துவிட்டாள். சுவரைப் பார்த்தாள். ஒரு கணம்தான். "வாங்கம்மா, வெயில் ஏறுது, இப்டி நிழலா வாங்க" என்று கீர்த்தியின் முழங்கையைப் பிடித்தாள்.

கீர்த்தி நகரவில்லை. "இவரு யாரு? இந்தத் தெருவா?"

"யாரோ பின்தெரு ஆளும்மா. இந்தப் பக்கம் சுவரு காலியா கீதுன்னா வந்து ஒட்டிடுவாங்க."

கீர்த்தி ஜூடியின் பக்கம் திரும்பினாள். நல்ல முகம், சந்தேகம் இல்லாத முகம். "உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

சிலுவைமுத்துவின் கை போஸ்டர் மேல் அப்படியே நின்றது.

"இல்ல," என்றாள் ஜூடி. "தெரியாது."

கீர்த்தியின் கணவன் கிளப் ஆட்களைப் பார்த்தான். "உங்க ஆளாங்க?"

சிலுவைமுத்து கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். ஜூடியைப் பார்க்கவில்லை. செங்கொடியைப் பார்த்தார், அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. "ஆமா சார். பின்தெரு ஆளு. எங்க தோஸ்து." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க இவங்க வூடு பாக்கவா வந்தீங்க? நல்ல வூடு சார். எம்மாம் மழ பேஞ்சாலும் தண்ணி ஏறாது. தகிரியமா வாங்கலாம்" என்றார்.

வீடு அவர்களுக்குப் பிடித்திருந்தது. கீர்த்தி குளியலறைக்குள் நின்று குழாயைத் திறந்து மூடி, "நல்லா பெருசா இருக்கு" என்றாள். ஜூடி தலையாட்டினாள். புதன்கிழமை அட்வான்ஸோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செங்கொடி ஜூடியின் கன்னத்தைக் கிள்ளினாள். "பரவால்ல, பொழச்சுக்குவ. நா கூட நீ முழிச்சிக்கினு நிப்பியோன்னு பயந்துட்டேன்."

எல்லோரும் போன பிறகு ஜூடி தெருமுனைக்குப் போனாள். அவர்கள் போஸ்டர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழிக்காமல், மேல் முனையைப் பிடித்து, முழுத் தாளாக.

"மாமா..."

"ஈரமா கீது. அப்டியே வந்துடும்," என்றார் சிலுவைமுத்து, சுவரைப் பார்த்தபடியே. "அவங்களுக்கு வூடு புடிச்சுதா?"

"புடிச்சிருக்காம்."

"அப்ப சரி." அடுத்த தாளை உரித்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே எடுத்திருப்போம்ல. ஆபீசுல அந்தப் பொண்ணயும் திட்டியிருக்க மாட்டேன்."

அதற்குள் அம்மா வந்துவிட்டாள், பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையில். பாதி காலியான சுவரையும் ஆட்கள் கையிலிருந்த தாள்களையும் பார்த்தாள்.

"இன்னாண்ணே இது? நான் பூசைக்குப் போறப்பதான ஒட்ட ஆரம்பிச்சீங்க?"

"அது வந்து, தங்கச்சி... மழ வர்றாப்ல..." வானம் வெறும் வெயிலாகக் கிடந்தது. சிலுவைமுத்து பசை வாளியைப் பார்த்துக் குனிந்தார்.

இன்னொருவர் தனக்காகப் பொய் சொல்வதை இரண்டாம் முறை கேட்க ஜூடியால் முடியவில்லை.

"நான்தாம்மா," என்றாள். "முதல்ல கிழிச்சதும் நான்தான். வீடு பாக்க வந்தவங்க இவரு யாருன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஜூடிக்குத் தோன்றியது.

"மறுபடி எப்ப வர்றாங்க?"

"புதன்கிழம."

"வரட்டும். நான் இருப்பேன். நானே சொல்லிக்கிறேன். அதுக்கப்புறம் வேணும்னா வாங்கட்டும், வேணாம்னா போவட்டும்."

பிறகு சிலுவைமுத்துவிடம் இரண்டு கையையும் நீட்டினாள். அவர் தயங்கி, கையிலிருந்த தாளைக் கொடுத்தார். பசை அம்மாவின் சேலையில் ஒட்டியது. அவள் பொருட்படுத்தவில்லை. மடங்கிவிடாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். ஒரு ஆளுக்கு அகலமான தாள் அது. காற்றில் அலைந்தது, ஓரம் தரையில் உரசப் பார்த்தது. ஜூடி ஓடிப்போய் அந்த முனையைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

அம்மா தரவில்லை. தானே கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.