ஆளுக்கொரு ஷூ

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கும், அவர் தங்கையைக் கட்டிய பஸ் டிரைவருக்கும் காலளவு ஒன்று. பிடித்த பைத்தியமும் ஒன்றுதான். டிஸ்க் கோல்ஃப். பூங்காவில் அங்கங்கே இரும்புக் கம்பம் நட்டு, அதைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு கூடை வைத்திருப்பார்கள். தூரத்தில் இருக்கும் சிமெண்ட் மேடையிலிருந்து தட்டு மாதிரியான பிளாஸ்டிக் வட்டை வீசி, எவ்வளவு குறைந்த வீச்சில் முடியுமோ அதில் கூடைக்குள் போட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது வேலையற்ற வேலை. ஆடுகிறவர்களுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை.

இந்த ஆட்டம் ஷூவைத் தின்னும். மேடையில் நாலு எட்டு ஓடிவந்து முன்காலை ஊன்றி இடுப்பைத் திருப்பும்போது, பின்காலின் நுனி சிமெண்டில் சர்ரென்று இழுபடும். வலது கையால் வீசுகிறவருக்கு இடது ஷூவின் மூக்கு தேயும். இடது கைக்காரருக்கு வலது ஷூ. மற்றது வருஷக்கணக்கில் புதுசு போலவே இருக்கும்.

டிரைவர் இடது கைக்காரர். பூங்காவில் அவருக்கு நொட்டாங்கை என்றே பெயர். யோசனையும் அவருடையதுதான்.

"மச்சான், உனக்கு இடதுதான் போகுது, எனக்கு வலதுதான் போகுது. நாம எதுக்கு ரெண்டு ஜோடி வாங்கணும்? ஒண்ணு வாங்கி ஆளுக்கொண்ணு எடுத்துக்கலாம்."

அன்றிலிருந்து அப்படித்தான். ஒரே கடை, ஒரே மாடல், சாம்பல் நிறம். பெட்டியைக் கடை வாசலிலேயே பிரித்து, இடதைக் கண்ணாடிக்காரரும் வலதை டிரைவரும் எடுத்துக்கொள்வார்கள். திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்த்த தங்கை, "நியாயமா உங்க ரெண்டு பேருக்கும்தான் கல்யாணம் பண்ணி வச்சிருக்கணும். நான் குறுக்க வந்துட்டேன்" என்பாள்.

டிரைவர் செத்தது மேடையின் மேலேயே. மத்தியான வெயிலில் வட்டை வீசிவிட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்த்தபடியே உட்கார்ந்தார். விளையாட்டுக்கு உட்கார்கிறார் என்று நினைத்துக் கண்ணாடிக்காரர், "எந்திரி மச்சான், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றார். எந்திரிக்கவில்லை. அந்த வட்டை யாரும் போய்த் தேடவும் இல்லை.

அதற்கு முந்தின நாள்தான் கண்ணாடிக்காரர் போய்ப் புது ஜோடி வாங்கியிருந்தார். டிரைவர் அன்றைக்கு டியூட்டியில் இருந்ததால் அவருடைய வலது பெட்டியிலேயே கிடந்தது. கண்ணாடிக்காரர் அதைப் பீரோவுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு, பல மாதம் பூங்கா பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியாமல் கிளம்பிப் போனார். அப்புறம் வாரா வாரம் போனார். இடது ஷூவின் மூக்கு தேய்ந்து சாக்ஸ் தெரிய ஆரம்பித்தது. கடைக்குப் போய்த் தனியாக ஒரு ஜோடி வாங்கினார். இடதைக் காலில் மாட்டிக்கொண்டு, புது வலதைப் பழைய வலதோடு சேர்த்து வைக்கலாம் என்று பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கித் திறந்தார்.

பழைய வலதின் மூக்கு தேய்ந்திருந்தது.

கட்டை விரலுக்கு நேரே ரப்பர் கரைந்து, உள்துணி வெள்ளையாகத் தெரிந்தது. அடியில் காய்ந்த புல். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலி கடித்தால் பல் தடம் இருக்கும். இது சிமெண்டில் இழுபட்டுத் தேய்ந்தது. அவருக்குத் தெரியாத தேய்மானமா?

"கடைக்காரன் பழசைத் தலையில கட்டிட்டான்" என்றாள் மனைவி.

"ஒரு ஷூவை மட்டுமா? நான்தானே பெட்டியைப் பிரிச்சேன்."

அவள் பெட்டியையும் பீரோவையும் பார்த்தாள். பீரோவுக்கு மேல் படிந்திருந்த தூசியில் பெட்டி இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. வேறு கை பட்ட அடையாளமே இல்லை. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கண்ணாடிக்காரர் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினார். கடைசியில் சொல்லாமலே மேஜைமேல் வைத்தார். தங்கை அதைக் கையில் எடுத்தாள். மூக்கைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தாள்.

"இதை நீ கட்டினியா அண்ணா?"

"நான் தொடவே இல்ல."

"இது அவர் முடிச்சு. நொட்டாங்கை முடிச்சு. எனக்கு இதை அவுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆகிடும்." அவள் முடிச்சின் மேல் விரலை ஓட்டினாள். அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ, கடையில் துணி அளவு கேட்கும் குரலில், "அடுத்ததை வாங்கிட்டியா?" என்றாள்.

"வாங்கிட்டேன்."

"அப்ப சரி. வலதைப் பெட்டியில வச்சுடு."

வைத்தார். வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு வந்ததும் பெட்டியைத் திறந்து பார்ப்பார். அவருடைய இடது எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு வலதும் தேய்ந்திருக்கும். மழையில் ஆடிவிட்டு வந்த அன்று பெட்டிக்குள் ஈர வாசனை அடித்தது. அட்டை ஊறி நைந்திருந்தது. பூங்காவில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. ஆனால் வீசி முடித்ததும் மேடையிலிருந்து இறங்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கும் பழக்கம் அவருக்கு எப்படியோ வந்துவிட்டது.

ஈர அட்டையைப் பார்த்த மனைவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"என்னங்க, ஆட்டத்தை விட்டுடுங்க. நீங்க கூப்பிடறதாலதான் அவர் வர்றார்."

"நான் எங்க கூப்பிட்டேன்?"

"ஒருத்தருக்கு ஷூ வாங்கி வைக்கறது கூப்பிடறது இல்லாம வேற என்ன?"

மனைவி சொன்னதில் அவருக்கும் நியாயம் இருப்பதாகவே பட்டது. வட்டுப் பையைப் பரணில் போட்டார். தன் இடது ஷூவைக் கழுவிக் காயவைத்து, தாள் திணித்து அலமாரியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு சந்தைக்குப் போனார். எல்லாம் ஓய்ந்துவிடும் என்று இருவரும் நம்பினார்கள்.

இடது அப்படியே இருந்தது. வலது மட்டும் தேய்ந்துகொண்டே போனது. மூக்கில் விழுந்த ஓட்டை வாய் மாதிரி அகன்றது. உள்ளே சாக்ஸ் நூல் போல ஏதோ சிக்கியிருந்தது. ஒரு நாள் பெட்டியின் அடியில் பழுப்பாக ஒரு கறை. மனைவி அதைப் பார்த்துவிட்டு, மடித்துக்கொண்டிருந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

தங்கையை வரச் சொன்னார்கள். அவள் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"ஷூ முடிஞ்சுபோச்சுண்ணா. ஷூ முடிஞ்சா அப்புறம் கால்தானே தேயும்."

"அப்படியெல்லாம் பேசாதே" என்றாள் மனைவி.

"பேசாம இருந்தா நின்னுடுமா அண்ணி? நீங்க நிறுத்தினா அவரும் நிறுத்துவார்னு நினைச்சீங்க. அவர் பாட்டுக்கு ஓட்டை ஷூவோட ஆடிட்டு இருக்கார். கேட்டு வாங்கற ஆளா அவர்? சாப்பாட்டுக்கு உப்பு இல்லைன்னாக்கூட வாயைத் திறக்க மாட்டார்."

மறுநாள் மூவருமே கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் கையை விரித்தார்.

"அந்த மாடல் நின்னு போச்சு சார். இதைப் பாருங்க, அதைவிட லேசு, ரப்பரும் கெட்டி."

"எனக்கு இல்ல. மச்சானுக்கு."

"அப்ப அவரையே கூட்டிட்டு வாங்க சார். போட்டுப் பார்க்கட்டும்."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பதா, வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கைதான், "அவருக்கு நேரம் இல்லைங்க. இதையே குடுங்க" என்றாள்.

அந்தப் புது மாடலின் வலதைப் பெட்டியில் வைத்தார்கள். வாரங்கள் போயின. அதன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. கடையில் நுழைத்திருந்த கயிறு அப்படியே இருந்தது. பக்கத்தில் கிடந்த பழைய ஷூவின் ஓட்டைதான் பாதம் வரைக்கும் வந்திருந்தது. கறையும் பெரிதாகியிருந்தது.

மனைவி இப்போது பயப்படுவதை விட்டுவிட்டாள், அல்லது பயத்தோடே வேலை செய்யப் பழகிவிட்டாள். தெரிந்த கடைகளுக்கெல்லாம் அவளே போன் போட்டாள். பஸ்ஸில் பாதி நாள் தூரம் உள்ள ஊரில், மூடப்போகிற ஒரு கடையில் அந்தச் சாம்பல் நிற மாடலில் ஒரே ஒரு ஜோடி கிடைப்பதாகக் கண்டுபிடித்தவளும் அவள்தான். கண்ணாடிக்காரர் லீவு போட்டுவிட்டுப் போய் வாங்கி வந்தார். திரும்பி வரும்போது பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தும் அங்கே உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம், பரணிலிருந்து இறக்கிய வட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு மூவரும் பூங்காவுக்குப் போனார்கள். பிற்பகல் நேரம். காற்று அறவே இல்லை. மரங்கள் இலை அசையாமல் நின்றன. டிரைவர் விழுந்த மேடைக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் பெட்டியைத் திறந்து, இடது, வலது இரண்டையும் எடுத்துச் சிமெண்ட் ஓரத்தில் சேர்த்து வைத்தார். இடதையும் சேர்த்துத் தருவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தார். பெண்கள் இருவரும் புல்லில் தள்ளி நின்றார்கள்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய்விட்டே சொன்னார்.

"மச்சான், இதுதான் கடைசி. இந்த மாடல் இனி வராது. தேடாத கடை இல்ல. ரெண்டையும் நீயே வச்சுக்கோ. பார்த்து ஆடு."

சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில் பையிலிருந்து ஒரு வட்டை எடுத்து ஓடிவந்து வீசினார். மாதக்கணக்கில் ஆடாத உடம்பு. வட்டு தடுமாறிப் போய்க் கூடைக்கு வெகு முன்னாலேயே புல்லில் விழுந்து புரண்டு படுத்தது. அவர் இடது கால் சிமெண்டில் இழுபட்ட சத்தம் அடங்கியது.

பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

அப்போது மேடையில் மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. நாலு எட்டு, பிறகு சர்ரென்று ஓர் இழுப்பு. மேடை வெறுமையாக இருந்தது. கொஞ்சம் பொறுத்து, தூரத்தில் கூடையின் சங்கிலிகள் கலகலவென்று குலுங்கின. குலுங்கி, ஆடி, மெல்ல ஓய்ந்தன.

கண்ணாடிக்காரர் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவளுக்கும் கேட்டிருக்கிறது. மனைவியின் கை அவள் தோளில் இருந்தது.

"போட்டுட்டார்" என்றாள் தங்கை. டிரைவர் செத்த அன்றுகூட அழாதவள், அந்தப் புல்லில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இருட்டுவதற்குள் ஷூக்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பழைய வலதையும் கறை படிந்த பெட்டியையும் மறுநாள் பூங்கா ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். புது ஜோடியைத் தங்கை தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பயமாக இல்லையா என்று அண்ணி ஒருமுறை கேட்டபோது, "புருஷன் செருப்புக்கு யாராவது பயப்படுவாங்களா?" என்றாள். அந்த வலது வெகு நிதானமாகத் தேய்ந்தது. கடைசி ஜோடி என்று தெரிந்த ஒருவர் காலை அளந்து அளந்து வைப்பது போல. பாதி மூக்கு போனதும் தேய்வது நின்றுவிட்டது. தங்கை இன்னும் ஒரு வருஷம் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதை விட்டுவிட்டாள்.

கண்ணாடிக்காரர் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறார். முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை என்பதால் ஓடிவராமல் நின்ற இடத்திலிருந்தே வீசுகிறார். ஷூ தேய்வதில்லை. பூங்காவில் இப்போது ஆடுகிறவர்களில் பாதிப்பேர் புதியவர்கள், டிரைவரைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அவர்களிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு மேடையில் மட்டும், கண்ணாடிக்காரர் வீசிவிட்டு ஒதுங்கியதும் அடுத்தவர் உடனே ஏறுவதில்லை. பேச்சுக்கூட நின்றுவிடும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், வட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து பொறுமை இழந்து, "யாருக்காக நிக்கறோம்?" என்று கேட்டாள்.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், தான் சொல்வதைத் தானே கவனிக்காதவர் போல, "இருங்க, இன்னும் ஒருத்தர் போடணும்ல" என்றார்.