ரிமோட்டை யாரும் தொடவில்லை

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து கடலூருக்கு வந்தால் அம்மாவோடு இரண்டு நாள், கரிநாளன்று சிதம்பரத்தில் சித்தப்பா வீடு. அறிவழகனுக்கு இது மீற முடியாத வழக்கம். அவன் வருகிறான் என்று தெரிந்ததுமே அந்த வீட்டில் கோளாறான சாமான்களெல்லாம் கூடத்து மேஜைக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் படித்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், செல்போனிலிருந்து கிரைண்டர் வரைக்கும் அவன்தான் வைத்தியர். அவன் கம்பெனியில் பார்க்கிற வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டான். யார் காதில் ஏறும்?

இந்த வருஷம் சித்தப்பா மணவாளன் தன் போனை நீட்டினார். உரக்கடையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிற மனுஷர், போன்தான் பொழுதுபோக்கு. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்துப்போய், ஒரு வரியைப் படிக்க மூன்று முறை தள்ள வேண்டியிருந்தது.

"எத அழுத்துனீங்க?"

"நான் ஒண்ணும் அழுத்தலடா. அதுவா ஆயிடுச்சு."

"அதுவா எப்டி சித்தப்பா ஆவும்? அதுக்கென்ன கையா முளைச்சிருக்கு?"

சித்தப்பா சிரித்து மழுப்பினார். சித்தியின் போன் இந்தியில் பேசிக்கொண்டிருந்தது. அதையும் தமிழுக்குத் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போது பாலர் பள்ளி டீச்சர் மாதிரி விரலை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுத்தான். கண்டதையும் அழுத்தக்கூடாது, கண்ட லிங்கையும் திறக்கக்கூடாது, போனில் சொந்த விஷயம் ஆயிரம் இருக்கும், நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்வதில் அவனுக்கு எப்போதுமே ஒரு சுகம். அந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவும் மாட்டார்கள். "அறிவு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சித்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். கடலோரத்துக் கிள்ளை ஊரிலிருந்து வாங்கி வந்த இறால் சட்டியில் வதங்கிக்கொண்டிருந்தது.

கனிமொழி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். சித்தப்பாவின் ஒரே மகள். கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. சித்தப்பா சிதம்பரத்தில் கடை போடுகிற வரைக்கும் எல்லோரும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவள் எட்டாவது படிக்கிற வரைக்கும் இவன் சைக்கிளின் பின்னால்தான் பள்ளிக்கூடம் போனாள்.

"அண்ணே, தை கடைசில புள்ளைக்கு மொட்டையடிச்சுக் காது குத்தலாம்னு இருக்கோம். நம்ம ஐயனார் கோயில்ல."

"நல்லது, குத்துங்க."

"நீங்கதாண்ணே மடியில வெச்சுக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா?"

தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். அந்த இடத்தில் வேறு யார் உட்கார்ந்தாலும் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். சித்தப்பா பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது, சித்தி எட்டிப் பார்த்தாள். மூன்று பேரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"பாக்கலாம்மா. லீவு எப்டி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றான் அறிவழகன்.

"பாருங்கண்ணே. உங்களுக்குத் தோதான தேதியே வெச்சுக்கலாம்" என்றாள் அவள். முகம் மலர்ந்துதான் இருந்தது. பாக்கலாம் என்பதை அவள் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது புது டிவி. வாங்கி ஒரு மாதமாகிறது, கேபிள் மட்டும்தான் ஓடுகிறதாம். பேரனுடைய முதல் பிறந்தநாள் வீடியோவைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஆசை. அந்தப் பிறந்தநாளுக்கு அறிவழகன் வரவில்லை, ஆபீஸ் வேலை. சித்தப்பா பத்துத் தடவை ரிமோட்டை அழுத்தி டிவியை வேறு எந்த மொழிக்கோ கொண்டுபோய் வைத்திருந்தார். அதைச் சரிசெய்வதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. அந்த வீடியோவைக் கனிமொழி எப்போதோ அவனுக்கு அனுப்பியிருந்தாள். ஆகவே தன் போனையே வயர் இல்லாமல் டிவியோடு இணைத்தான். போனில் தெரிவதெல்லாம் அப்படியே டிவியில் தெரிந்தது.

"அடேங்கப்பா!" என்றார் சித்தப்பா, ரிமோட்டைக் கையில் எடுத்தபடி.

"வெய்யுங்க அத! திரும்பக் கெடுத்துடாதீங்க சித்தப்பா. நான் சொல்ற வரைக்கும் ரிமோட்ட யாரும் தொடக்கூடாது. புரியுதா?"

சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டுவிட்டான். சித்தப்பா ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை மடியில் கோத்துக்கொண்டார்.

வீடியோ ஓடி முடிந்தது. எல்லோரும் இரண்டாம் முறையும் பார்த்தார்கள். சோறு வடிக்க இன்னும் நேரமாகும் என்றாள் சித்தி. அறிவழகன் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தான். வீடியோ முடிந்ததும் டிவியோடு இருந்த தொடர்பும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அதைத் துண்டிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அவசரத்தில் அவனே மறந்துபோனான்.

சென்னையில் இருந்த மனைவிக்கு எழுத ஆரம்பித்தான். தலைவலி என்று அவள் இந்த முறை வரவில்லை.

"இங்க வந்தாலே நான் சர்வீஸ் சென்டர்தான். அதுக்குத்தான் கூப்பிடறாங்க."

"சாப்பிட்டாச்சா?" என்று அவள் கேட்டாள்.

"இன்னும் இல்ல. புதுசா ஒண்ணு. காது குத்துக்கு நான்தான் மாமனாம். தோடு, துணிமணி, வரிசைத் தட்டு எல்லாத்தையும் நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க."

"பாவங்க. அப்படிச் சொல்லாதீங்க. அவங்களுக்கு யார் இருக்கா?"

"அதுக்கு? கூடப் பொறந்தவன் இல்லாட்டி நான் அகப்பட்டேனா? சித்தப்பா பொண்ணுதானே. ஊர்ல சும்மா கெடைக்கிற மாமன் நான்."

அனுப்பிவிட்டு, கனிமொழிக்கு என்ன சாக்கு சொல்வது என்று யோசித்தான். மனைவியிடமே கேட்கலாம் என்று எழுதிப் பார்த்தான். லீவு இல்லை என்று சொல்லவா? அழித்தான். உனக்கு ஆபரேஷன் என்று சொல்லவா? நன்றாக இல்லை, அதையும் அழித்தான். அந்த வாரம் வெளிநாடு போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், நம்பிவிடுவார்கள், இவர்களுக்கு என்ன தெரியும் என்று எழுதி அனுப்பினான். மனசு லேசாகிவிட்டது. மாமர நிழலில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பசி எடுக்கவே உள்ளே வந்தான்.

கூடத்தில் சித்தப்பா நாற்காலியில், கையை மடியில் கோத்தபடி. கனிமொழி தரையில், பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சித்தி கரண்டியும் கையுமாக நிலைப்படியில் நின்றிருந்தாள். மூவரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிவழகனும் பார்த்தான்.

சுவர் அகலத்துக்கு அவனுடைய எழுத்துகள். எல்லாம் இருந்தன. கீழே மனைவியின் பதில் வந்து விழுந்தது: "பொய் சொல்லாதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. போனைத் தடவி இணைப்பைத் துண்டித்தான். திரை நீலமாயிற்று. அனுப்பியதை மட்டுமா பார்த்தார்கள்? ஒவ்வொரு எழுத்தாக வந்து உட்கார்ந்ததை, அழிந்ததை, ஒரு பொய்யை வைத்துவிட்டு இன்னொரு பொய்யை அவன் எடுத்துப் பார்த்ததை, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் கையால் கெட்டான்.

"சித்தப்பா... அது சும்மா வெளையாட்டுக்கு... நிறுத்தியிருக்கக் கூடாதா?"

கேட்ட பிறகுதான் தன் பேச்சின் கேவலம் அவனுக்கே உறைத்தது. குற்றத்தை இன்னமும் அவர்கள் தலையில் போடப் பார்க்கிறான்.

"நீதானப்பா தொடக்கூடாதுன்ன" என்றார் சித்தப்பா. குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவன் அவர் காலில் விழுந்திருப்பான். "கெட்டுப்போயிடும்னு பயந்துட்டோம்."

"சோறு ஆச்சு. எல போடறேன்" என்று சித்தி உள்ளே போனாள்.

இலையில் இறால் தொக்கை வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடவே வைத்தாள். "போதும் சித்தி" என்றால், "சாப்புடு, தூரமா போவணும்ல" என்றாள். கடலூர் ஒன்றும் தூரமில்லை. வசவு கிடைத்திருந்தால் வாங்கிக்கொண்டு அழுதாவது தீர்த்திருக்கலாம். விருந்தாளியாக்கி உட்கார்த்திவிட்டார்கள். இந்த வீட்டில் இதற்கு முன் அவனை யாரும் விருந்தாளியாக நடத்தியதில்லை.

கை கழுவப் போன இடத்தில் கனிமொழி தனியாக நின்றாள். அவன் அருகில் போய்ச் சொன்னான்.

"கனி, நான் பேசுனது தப்பும்மா. நானே வரேன். எந்தத் தேதின்னாலும் வரேன். புள்ளைய என் மடியில குடு."

அவள் சொம்பை நீட்டிக்கொண்டே சொன்னாள். "வேணாண்ணே. காது குத்தறப்ப புள்ள துள்ளும். வெச்சிருக்கறவுங்க இறுக்கிப் புடிச்சுக்கணும். மனசில்லாம புடிச்சா நழுவிடும்."

"மனசோடதாம்மா கேக்கறேன்."

"இப்பக் கேக்கறீங்க" என்றாள். அவள் சொன்னது உண்மை, அவன் கேட்பது பாதி பாசத்தால், பாதி மானம் போனதால். எது எவ்வளவு என்று அவனுக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது சித்தி முறுக்கும் கரும்பும் கட்டிக் கொடுத்தாள். சித்தப்பா வாசல் வரை வந்து, "அம்மாவக் கேட்டதாச் சொல்லு" என்றார். செருப்பை மாட்டுகிற நேரத்தில் கனிமொழி தன் போனோடு வந்தாள்.

"அண்ணே, ஒரு சின்ன ஹெல்ப். பத்திரிகைய நானே போன்ல அடிச்சு வெச்சுட்டேன். ஒரு வரிய எடுக்கணும், வர மாட்டேங்குது. எப்டின்னு மட்டும் காட்டிட்டுப் போங்க."

மஞ்சள் ஓரம் போட்ட பத்திரிகை. பிள்ளையின் படம், ஐயனார் கோயிலின் பெயர், தேதிக்கு ஒரு காலி இடம். அதன் கீழே, மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக, சிவப்பில்:

தாய்மாமன்: திரு. அறிவழகன், பி.இ., சென்னை.

"இதுல... யார் பேரும்மா போடணும்?"

"அத நாங்க பாத்துக்கறோம்ண்ணே. இத எடுத்துக் குடுங்க."

அந்த வரி மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தது. அதை விடுவித்து, கடைசி எழுத்தில் விரலை வைத்தான். முதலில் சென்னை போயிற்று. பிறகு பி.இ. போயிற்று. அவள் தோளருகே நின்று, அடுத்த முறை தானே செய்துகொள்ள வேண்டும் என்பதுபோல அவன் விரலையே உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.