யானையின் கடைசிப் பக்கம்

1

இந்தக் கதை போன ஞாயிற்றுக்கிழமை போனில் என் காதில் விழுந்தது. முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: 'கடல்களுக்கு அப்பால், நினைவுகளைச் சுமந்தபடி ஒரு பஸ் டிரைவர்...' வேண்டாம். அவர் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

2

டிரைவருக்கு எட்டு வயதில் ஒரு மகள். தங்கை ஒருத்தி, வேறொரு நாட்டில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அண்ணன் தங்கை இருவருக்கும் சின்ன வயதில் ஒரே புத்தகம்: செருப்பு வாங்கப் போன யானை. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அதற்காக மல்லுக்கு நின்றார்கள். அம்மா பொறுத்துப் பார்த்தார். பிறகு தையலைப் பிரித்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஞாயிறு மதியம் அப்பா முன்பாதியைப் படிப்பார். யானை கடை வாசலுக்கு வந்ததும் போன் போட்டு மகளிடம் கொடுப்பார். மீதிக்கு அத்தை. மகள் முதன்முதலில் தமிழ் பேசியதும், விரல் வைத்து எழுத்துக்கூட்டியதும் இந்த யானையோடுதான்.

(அந்த அத்தை நான்தான். எவ்வளவு நேரம் ஒளிவது?)

3

என் பாதியில் கடைசித் தாள் எப்போதோ கிழிந்துபோனது. அதில் என்ன இருந்தது என்பதும் மறந்துவிட்டது. அதனால் நானாக அடித்துவிடுவேன்: எந்தச் செருப்பும் சேராத யானைக்குக் கடைக்காரர் நாலு தலையணையைக் காலில் கட்டி அனுப்புகிறார்.

4

போன மாதம் அண்ணனுக்கு அதே புத்தகம் முழுசாகக் கிடைத்தது. அலமாரிக்கு மேலே ஒளித்துவைத்தாராம்.

"இதப் பாத்துட்டா அவ எதுக்கு அத்தைக்குப் போன் பண்ணப்போறா?" என்றாராம். அண்ணிதான் சொன்னார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க நான் தமிழ் பேசுவது அந்த அரைமணி நேரம்தான்.

5

போன ஞாயிறு தலையணை கட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, புக்ல அப்படி இல்லையே! வெறுங்காலோடதானே வீட்டுக்குப் போகுது?"

உடனே அவளே ரகசியக் குரலில்:

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நான் படிச்சிட்டேன்னு தெரிஞ்சா போன் போட்டுத் தர மாட்டாரு. நீங்க சொல்லுங்க, தலையணைலேருந்து."

சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

6

முடிவு ஒன்று: அண்ணனிடம் உண்மையைப் போட்டு உடைத்து, எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறோம்.

முடிவு இரண்டு: மகள் கதையை முழுசாக அத்தைக்குப் படித்துக்காட்ட, அத்தை...

இன்றைக்கும் ஞாயிறுதான். யானை வெறுங்காலோடு வீடு திரும்பியதா, தலையணைக் காலோடா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். போன் அடிக்கிறது. எனக்குத் தலையணை கட்டுகிற வேலை இருக்கிறது.