எட்டுக் கிலோ வெளிச்சம்

வெல்காவை அவள் புருஷன் கிலோ நூற்றிருபது லெவாவுக்கு விற்றான். அந்த வருஷம் ஸ்தாரிபிரோத் சந்தையில் அதைவிட உசத்தியாக விலை போனது ரோஜா அத்தர் ஒன்றுதான். அதிலும் பாதி கலப்படம்.

புருஷன் மெழுகுவர்த்திக்காரன் குஸ்மான். ஒவ்வொரு ஜூலையிலும் புனித இலியா திருநாளன்று, மெழுகு காய்ச்சும் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றபடியே வெல்கா மெழுகாக உருகிவிடுவாள். முதலில் விரல்கள், கடைசியில் வாய். குஸ்மான் அவளை ஒரு சொட்டு விடாமல் வழித்துச் செப்புத் தொட்டியில் ஊற்றி, ஈ விழாமல் துணி கட்டி வைப்பான். செப்டம்பரில் சிலுவைத் திருநாளையொட்டி தன்யூப் ஆற்றின் குளிர்காற்று வந்ததும் இறுகி, எழுந்து உட்கார்ந்து, ஜூலையில் விட்ட வசவை அதே சொல்லிலிருந்து தொடர்வாள். உருகுமுன் அறுபத்தொரு கிலோ, எழுந்த பின்னும் அறுபத்தொரு கிலோ. மூக்கிலிருந்த அம்மைத் தழும்புகூட இடம் மாறியதில்லை. பதினாறு வருஷம் இப்படியே போனது. ஊர்க்காரர்கள் அதை ஆற்றில் வெள்ளம் வருவதுபோல எடுத்துக்கொண்டார்கள்.

"வீட்ல எப்படி, இறுகிட்டாங்களா?" என்று கடையில் கேட்பார்கள்.

"இன்னும் மூணு வாரம் இருக்குப்பா. நிம்மதியா இருக்கிறவனை ஏன் கெடுக்கிறே?"

குஸ்மானின் வியாபாரம் ஓடியது கோயில்பிள்ளை பென்கோவின் வாய்க்காற்றில். சனங்கள் வர்த்தி வாங்கி, கொளுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிய மறுநொடி பென்கோ அதை ஊதி அணைத்துப் பெட்டியில் போட்டுவிடுவான். சாயங்காலம் அது பாதி விலைக்குக் குஸ்மானிடம் திரும்பும். உருக்கிப் புது வர்த்தியாக மறுநாள் கோயிலுக்குப் போகும். ஒரே மெழுகு தாத்தாவின் அடக்கத்துக்கும் பேரனின் கல்யாணத்துக்கும் நின்றிருக்கிறது. அதனால் குஸ்மானைப் பொறுத்தவரை கோயிலுக்குப் போன மெழுகு வீடு திரும்பும். பெண்டாட்டியே திரும்புகிறாளே.

அந்த வசந்தத்தில் பனி பெய்து தேனீக்கள் செத்தன. அதே வருஷம்தான் ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு ஆயர் வருவதாகக் கடிதம் வந்தது. கோயில் கேட்ட வர்த்திக்கு ஒன்பது கிலோ மெழுகு குறைந்தது. குஸ்மான் பெருமூச்சு விட்டபடி செப்புத் தொட்டியைப் பார்த்த பார்வையை வெல்கா கவனித்துவிட்டாள்.

"ஏன்யா, அந்தத் தொட்டியில என்ன பார்வை? என்மேல கை வைக்காதே. உருகுறது வேற, எரியிறது வேற. உருகினா நான் வருவேன். எரிஞ்சா யாரும் வரமாட்டாங்க."

"முப்பது வருஷமா மெழுகு காய்ச்சுறவனுக்குப் பாடம் எடுக்கிறியா? பென்கோ ஊதுற ஊதலுக்கு எந்த வர்த்திடி எரிஞ்சிருக்கு?"

பதிலுக்கு அவள் எதையோ சொல்ல ஆரம்பித்தாள். அன்று இலியா திருநாள்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி குஸ்மான் தொட்டியிலிருந்து ஒன்பது கிலோ மொண்டு, வர்த்தியாக வார்த்துக் கோயிலுக்கு விற்றான். ஒரு நாள் கைமாற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் ஆயர் வர்த்தித் தட்டுக்கு நேர் எதிரில் நாற்காலி போடச் சொன்னார். நான்கு மணி நேரம் அசையவில்லை. பென்கோ மூன்று தடவை கன்னத்தை உப்பிக்கொண்டு வந்தான். மூன்று தடவையும் ஆயர் நிமிர்ந்து பார்க்க, இருமிவிட்டுப் போனான். வர்த்திகள் அடித்தண்டு வரை எரிந்தன. கோயிலுக்குள் தேன் வாசனையோடு குடைமிளகாய் சுடுகிற வாசனையும் வந்தது. வெல்காவின் அடுப்படி வாசனை. சனங்கள் அதை மூச்சோடு இழுத்து இழுத்து முகர்ந்தார்கள். அன்று சாயங்காலம் ஊரிலிருந்த ஆண்கள் எல்லாரும் காரணம் தெரியாமல் வீட்டில் வசவு வாங்கினார்கள். ஆயரே வண்டிக்காரனிடம் இரண்டு லெவாவுக்காக அரை மணி நேரம் பேரம் பேசினாராம்.

பென்கோ சுரண்டிக் கொண்டுவந்தது ஒரு கிலோ. "நான் என்னண்ணே பண்ணுவேன்? ஆண்டவரையே ஏமாத்திடலாம், ஆயர் கண்கொத்திப் பாம்பால்ல உட்கார்ந்திருந்தாரு!"

குஸ்மான் கோயிலுக்குள் ஏணி வைத்து ஏறி, கூரையின் உட்புறத்தில் புதிதாகப் படிந்த கரியைக் கரண்டியால் சுரண்டினான். தொட்டியில் கொட்டி, சூடாக்கிக் கிளறினான், ஆறவைத்தான், மறுபடி சூடாக்கினான். கரி கரியாகவே மிதந்தது. கடைசியில் கரியை மட்டும் வடித்துக் கொல்லையில் கொட்டினான். பென்கோவின் ஒரு கிலோ மட்டும் சத்தமில்லாமல் கலந்துகொண்டது.

சிலுவைத் திருநாளன்று வெல்கா எழுந்தாள். வலது கை தோளோடு இல்லை. குஸ்மான் தலையைக் குனிந்து, ஜூலையில் பாதியில் நின்ற வசவுக்காகக் காத்திருந்தான். அவள் இடது கையால் தோளைத் தடவிப் பார்த்தாள்.

"எரிச்சுட்டியா?"

"அடுத்த வருஷம் தேன் வரட்டும். நல்ல மெழுகா ஊத்தி, கையைப் பழையபடி..."

"ஊத்து. ஒட்டும். அது தேனீயோட கை, என்னோடது இல்ல."

அவ்வளவுதான் பேசினாள். கையின் எடை போக மீதி எங்கே குறைந்தது என்று குஸ்மானுக்குப் புரியக் கொஞ்ச நாளானது: அவளிடம் வசவே மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு கோடை உருகினாள், இருபத்திரண்டு தடவை எழுந்தாள். குஸ்மான் ஒவ்வொரு செப்டம்பரிலும் தொட்டிக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் எழுந்து அடுப்புப் பற்றவைக்கப் போய்விடுவாள். கோயில் கூரையில் அவன் கரண்டிக்கு எட்டாத இடத்தில் ஒரு கரித்திட்டு இருந்தது. யாரும் வெள்ளையடிக்கவில்லை.

கையில்லாமல் எழுந்த அன்றைக்கே பெரிய தராசில் ஏறி நின்று, பிறகு கடைச்சுவரில் இடது கையால், கோணல் எழுத்தில், அவள் எழுதியது இன்றும் இருக்கிறது. தொட்டியில் மிச்சம் ஐம்பத்திரண்டு. கோயிலிலிருந்து திரும்பியது ஒன்று. கூரையிலும் ஊரார் மூச்சிலும் எட்டு. ஆக மொத்தம் அறுபத்தொன்று. கணக்கு சரி.