பத்து என்று சொன்னவள்

மாமியார் முடிச்சை அவிழ்த்து, கொதிக்கிற தண்ணீரில் பையைக் கவிழ்த்தாள். விழுந்தது பருப்பு அல்ல, மணல்.

"ஏம்மா, உங்க கம்பெனியில இப்ப மண்ணையும் ரேஷன்ல குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா?"

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாள் காய்ச்சலில் துவண்டு கிடக்கும் ஐந்து வயது மகள் கட்டிலில் இருந்து, "அம்மா, வெந்துருச்சா?" என்று கேட்டது கூட அவள் காதில் சரியாக ஏறவில்லை.

அவள் பாராசூட் மடிக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பேர் அவசரக்காரி. நீள மேசையில் துணியை விரித்து மடிக்கும்போது மடிப்பு நழுவாமல் இருக்க, கைக்கு அடங்கும் மணல் பைகளை மேலே வைப்பார்கள். மேசைக்குப் பத்துப் பை. ஒவ்வொரு பாராசூட்டையும் கட்டி முடித்ததும் பைகளைத் தட்டில் அடுக்கி எண்ணி, "பத்து" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஏதாவது உள்ளே தங்கிவிட்டால் துணி விரியாது. துணி விரியாவிட்டால் குதிப்பவன் கதி அதோகதிதான்.

அன்று மதிய இடைவேளையில் அடித்துப் பிடித்து ரேஷன் கடை வரிசையில் நின்று, இரண்டு கை பருப்பு வாங்கினாள். போர்க்காலம்; கடையில் காகிதம் கிடையாது. பை நாம்தான் கொண்டு போக வேண்டும். அவளிடம் இருந்தது கம்பெனியில் கழித்துப்போட்ட துணியில் அவளே தைத்த பை. மணல் பைக்கு அக்கா தங்கை போல இருக்கும். வேலை உடுப்பில் சட்டைப்பை கூடாது என்பது சட்டம், அதனால் மேசை ஓரத்தில் வைத்தாள். பிறகு ஆறு பாராசூட் மடித்தாள். மனசு முழுக்க மகளின் நெற்றியில் இருந்தது. வாய் மட்டும் ஆறு தடவையும் "பத்து" என்றது. ஒரு தடவையும் எண்ணவில்லை.

மணல் பை வீட்டுக்கு வந்திருக்கிறது என்றால், பருப்புப் பை ஏதோ ஒரு பாராசூட்டுக்குள் மடிபட்டுப் போயிருக்கலாம். செருப்பை மாட்டினாள்.

"பிள்ளை பசியோட கெடக்கு, நீ எங்க கிளம்பிட்ட?"

"கஞ்சி வச்சுக் குடுங்க அத்தை. ஆறு மணிக்குப் பாராசூட் லாரி போயிரும்."

தெருவில் நடையும் ஓட்டமுமாகப் போகும்போதே இன்னொரு யோசனையும் கூடவே ஓடி வந்தது. பருப்பு தட்டிலேயே இருக்கலாமே? வலியப் போய்ச் சொன்னால் சலவைக் கொட்டகைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே ரேஷனில் பாதிப் பங்குதான். மகளுக்குப் பால் வருவதே மடிப்பு வேலைக்குக் கிடைக்கும் முழுப் பங்கில்தான். பேசாமல் திரும்பிவிட்டால் யாருக்குத் தெரியும்? பக்கத்து மேசையில் மடிக்கும் நெட்டையின் தம்பி முகம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு ஒரே தம்பி. பாராசூட்டில் குதிக்கிற படையில் இருக்கிறான். அவசரக்காரி ஓட்டத்தைக் கூட்டினாள்.

கூடத்தில் இரண்டாம் ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்தது. தட்டைப் பார்த்தாள். ஒன்பது பை, ஒன்பதும் மணல். அங்கேயே சொல்லிவிட்டாள். மேற்பார்வை பார்க்கும் கண்ணாடியம்மா திட்டவில்லை; அவள் மடித்த ஆறையும் அலமாரியில் இருந்து இறக்கச் சொன்னாள்.

அன்று இரண்டு ஷிஃப்டும் பார்த்துக்கொண்டிருந்த நெட்டை வேலையைப் போட்டுவிட்டு வந்தாள். "பருப்பாம், பருப்பு! என் தம்பி உசுரு உனக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?" என்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே முடிச்சுகளை அவிழ்த்தாள். ஏச்சு முழுவதும் தனக்குச் சேர வேண்டியதுதான் என்று அவசரக்காரிக்குத் தோன்றியது.

முதல் மூன்றில் ஒன்றும் இல்லை. நான்காவதில், கயிறுகளுக்கு நடுவே, பருப்புப் பை சப்பிப்போய்க் கிடந்தது.

கண்ணாடியம்மா அதை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எண்ணினியா?"

"இல்லம்மா. பத்துன்னு சும்மா சொன்னேன்."

"நாளையில இருந்து நீ சலவைக்குப் போ." பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "வேற யாராவது எண்ணாமச் சொல்லிருக்கீங்களா? இப்பவே சொல்லிருங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இருபது பேர் நாள் முழுக்கக் கத்தும் அந்தப் "பத்து" எவ்வளவு பழகிப்போன சத்தம் என்று அவசரக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. தும்மல் வந்தால் தும்முகிற மாதிரி எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி மேசையில் ஒரு கை உயர்ந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

மூன்றாவதாக உயர்ந்தது நெட்டையின் கை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நேத்து," என்றாள். "ரெண்டு தடவை. கடை வரிசைக்கு நேரமாயிருச்சேன்னு..."

நேற்று மடித்தவை நேற்று மாலை லாரியிலேயே போய்விட்டன. கண்ணாடியம்மா டெலிபோனை நோக்கி ஓடினாள். நெட்டை அவள் பின்னாலேயே போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பி இருக்கிற இடத்துக்கு முதல்ல போடுங்கம்மா."

"எந்த இடம்? சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

போருக்குப் போனவன் எங்கே இருக்கிறான் என்று வீட்டுக்குச் சொல்ல அனுமதி கிடையாது. நெட்டை வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவசரக்காரி போய் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.